இரண்டரைக் கிலோ இரும்புக் கல்லும் அரைக் கிலோ முள்ளங்கியும்

வெறும் சப்பாத்தியை நாலு பேருக்கு மளமளவென்று சுட்டு அடுக்குகிறவர்களுக்கு இந்தக் கல் தேவையில்லை. வீட்டில் இருக்கிற கல்லே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் முள்ளங்கி, காலிபிளவர், வெந்தயக்கீரை என்று காயைப் பூரணமாக உள்ளே வைத்தோ மாவிலேயே கலந்து பிசைந்தோ சுடுகிற ஆளாக இருந்தால், ஐந்து மாதமாக என் அடுப்பில் இருக்கும் இந்த வார்ப்பு இரும்புக் கல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

11 அங்குலம், தட்டைக் கல், ஓரத்தில் சின்னதாக ஒரு விளிம்பு, இரண்டு பக்கமும் காது. வீட்டுத் தராசில் வைத்தபோது 2.6 கிலோ காட்டியது. விலை 1,150 ரூபாய். கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் வாங்கினேன். பெட்டி கிடையாது, பிராண்ட் பெயர் கிடையாது, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். உள்ளூர் பவுண்டரியில் ஊற்றியது என்றார் கடைக்காரர். பம்புக்கும் மோட்டாருக்கும் வார்ப்படம் ஊற்றியே பேர் வாங்கிய ஊர் இது, கல் ஊற்றுவதா பெரிய விஷயம்.

இதற்கு முன்னால் ஆன்லைனில் ஒன்று ஆர்டர் செய்தேன். வந்ததைப் பிரித்தால் ஒரு காதில் மயிரிழை மாதிரி விரிசல். திருப்பி அனுப்பிப் பணம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. எந்தத் தளம் என்பதை விடுங்கள், வார்ப்பு இரும்பு கீழே விழுந்தால் வளையாது, உடையும். அதை மூன்று நாலு இடத்தில் தூக்கிப் போட்டு அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் நேரில் போனேன். கடைக்காரர் நான் கேட்காமலேயே கல்லை ஒரு கையில் தொங்கவிட்டு, கரண்டியால் தட்டிக் காட்டினார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. "சத்தம் சொத்துனு நின்னுச்சுன்னா எங்கியோ விரிசல் இருக்குதுன்னு அர்த்தமுங்க, அதைத் தொடாதீங்க" என்றார். பிறகு கடையின் கண்ணாடி மேசை மேலேயே கவிழ்த்து வைத்து, ஆடுகிறதா என்று நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தார். வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஏன் இந்தக் கல் என்று கேட்டால், எல்லாம் முள்ளங்கி சப்பாத்தியால் வந்தது. எங்கள் எதிர் வீட்டு அக்கா ஹரியானாவில் பானிபட் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் சாப்பிட்ட மூலி பராத்தா, அதாவது அவர்கள் ஊர் முள்ளங்கி சப்பாத்தி, மேலே பொன்னிறமாகப் புள்ளி புள்ளியாக வெந்து, கடித்தால் ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் ஈரமாகவும் இருந்தது. அதே மாவு, அதே பூரணம், அவரே கூட நின்று சொல்லிக் கொடுக்க, என் வீட்டில் சுட்டபோது வெளுத்துப்போய் தோல் மாதிரி வந்தது. மூன்று முறை இப்படியே. கடைசியில் அக்கா என் நான்ஸ்டிக் தவாவைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல சூடே இல்லம்மா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சாதாரண சப்பாத்தியைவிடக் காய் வைத்ததில் தண்ணீர் அதிகம். கல்லில் போட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாவதற்குக் கல்லின் சூட்டைத்தான் உறிஞ்சுகிறது. மெல்லிய தவாவாக இருந்தால் அந்த நொடியிலேயே சூடு இறங்கிவிடும், அது மறுபடி ஏறுவதற்குள் சப்பாத்தி இட்லி மாதிரி ஆவியில் வெந்துவிடும். ஆவியில் வெந்தது சிவக்காது. சிவக்கட்டும் என்று இன்னும் ரெண்டு நிமிடம் விட்டால் மாவு காய்ந்து தோலாகிவிடும். சரி, தீயைக் கூட்டலாமே என்றால், நான்ஸ்டிக்கை ஓரளவுக்கு மேல் காயவிடக் கூடாது, 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். இரும்பு சூடாகத் தாமதமாகும். ஆனால் இவ்வளவு கனமான இரும்பு ஒரு தடவை காய்ந்துவிட்டால், ஈரச் சப்பாத்தி விழுந்தாலும் அதன் சூடு பெரிதாக இறங்காது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் 1,150 ரூபாய் கொடுத்தேன், அதை இந்தக் கல் செய்கிறது. நான்ஸ்டிக்கில் ஐந்து நிமிடம் போராடிய அதே முள்ளங்கி சப்பாத்தி இதில் மூன்று நிமிடத்துக்குள் சிவந்து வந்துவிடுகிறது.

ஆனால் வாங்கி வந்த அன்றே வராது. எனக்குப் பதினைந்து நாள் ஆனது.

பழக்காத கல்லாகத்தான் கொடுத்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்க ஏதோ எண்ணெய் பூசியிருந்தது, மெஷின் ஆயில் வாடை. முதல் நாள் மட்டும் சோப்பு போட்டு வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பிறகு அம்மா சொன்னபடி மூன்று நாள் வடித்த கஞ்சியில் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். கறுப்புக் கறுப்பாக வந்தது, மூன்றாம் நாள் நின்றது. அப்புறம் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை விட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவி, இப்படி ஒரு நாளைக்கு நாலு முறை. எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். தடவிய பிறகு துணியால் துடைத்தே எடுத்துவிடுங்கள், துடைத்த பிறகும் ஒட்டியிருப்பதே போதும். தாராளமாக ஊற்றினால் பிசின் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும், நான் முதலில் அப்படித்தான் செய்து, சுரண்டி எடுத்து, மறுபடி ஆரம்பித்தேன். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது, அந்தப் படலம்தான் கல்லின் வழுவழுப்பு. அதன்பிறகு ஒரு வாரம் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து தோசை மட்டும் ஊற்றினேன். முதல் நாலு தோசை வீணானது. பதினைந்தாம் நாள் வெறும் சப்பாத்தி எண்ணெயே இல்லாமல் கழன்று வந்தது. இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், பழக்கியே விற்கிற கல்லாகக் கேட்டு வாங்குங்கள், இருநூறு முந்நூறு கூட இருக்கும்.

இனி சமையலுக்கு வருகிறேன். கல் பாதி வேலைதான் செய்யும், மிச்சப் பாதி, அதாவது காயின் தண்ணீரைச் சமாளிப்பது, உங்கள் கையில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் கல்லை மட்டும் வாங்கச் சொன்னால், நாளைக்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

முள்ளங்கிக்கு என் கணக்கு இது. எட்டு சப்பாத்திக்கு 300 கிராம் கோதுமை மாவு, அரைக் கிலோ முள்ளங்கி. முள்ளங்கியைத் தோல் சீவி மெல்லிய துளையில் துருவி, ஒரு டீஸ்பூன் உப்பு பிசிறிக் கால் மணி நேரம் விட்டால் அதுவே தண்ணீரைக் கக்கிவிடும். வெள்ளைத் துணியில் கட்டி, கை வலிக்க வலிக்கப் பிழிய வேண்டும். எனக்கு ஏறக்குறைய 200 மில்லி வருகிறது, அதாவது ஒரு டம்ளர். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதில்தான் மாவு பிசைய வேண்டும். 300 கிராம் மாவுக்குத் தேவையான தண்ணீரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதை அக்கா செய்து காட்டியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காயிலிருந்து எடுத்த தண்ணீர் அப்படியே மாவுக்குள் போகிறது, ஒரு சொட்டு வீணில்லை, மாவிலும் முள்ளங்கி மணம் ஏறுகிறது. அதில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் மாவுக்குத் தனியாக உப்பு வேண்டாம். பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும், சுருங்குகிற மாவை அழுத்தித் தேய்த்தால் பூரணம் பிய்த்துக்கொண்டு வரும்.

பிழிந்த முள்ளங்கியில் ஓமம், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய்த்தூள், கொஞ்சம் மாங்காய்ப்பொடி. மாங்காய்ப்பொடி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், எலுமிச்சம்பழம் பிழியலாமே என்று நினைக்காதீர்கள், மறுபடி ஈரம். பூரணத்துக்கான உப்பு மட்டும் கடைசி. எட்டு உருண்டைக்கும் சேர்த்து ஒரே தடவை உப்பு கலந்து வைத்தால், எட்டாவதை மூடுவதற்குள் பூரணம் நீர்த்துப் போயிருக்கும். "ஒண்ணு மூடும்போது ஒண்ணுக்கு மட்டும் உப்பு போடு, அவசரம் வேணாம்" என்று அக்கா சொன்ன அந்த ஒரு வரியில்தான் எனக்கு எல்லாம் சரியானது.

பூரணம் வைத்துக் கொழுக்கட்டை மாதிரி மூடி, முதலில் விரலாலேயே நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திவிட்டு, பிறகு பூரிக்கட்டையை மெதுவாக ஓட்டினால் ஏழு அங்குலம் வரைக்கும் கிழியாமல் வரும். அது கைவராதவரைக்கும் இரண்டு மெல்லிய சப்பாத்தி தேய்த்து, நடுவில் பூரணம் பரப்பி, ஓரத்தை ஈர விரலால் ஒட்டிவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை, இன்னும் என் கணவர் அப்படித்தான் செய்கிறார், அவருடையது என்னுடையதைவிட நன்றாக உப்புகிறது.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மத்தியப் பிரதேசத்து ஷர்பதி கோதுமையைத் தானியமாக வாங்கி, மாவு மில்லில் கொடுத்து அரைக்கிறேன். மில் கல்லின் சூட்டிலும் உராய்விலும் கோதுமையின் மாவுச்சத்து கொஞ்சம் உடைபடுகிறது, உடைந்த மாவுச்சத்து அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் ராத்திரி வரைக்கும் சப்பாத்தி மிருதுவாக இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று ஒரு முறை முழுக்கச் சம்பா கோதுமையில் முயற்சி செய்தேன். ருசி அருமை, ஆனால் இழுவை பத்தவில்லை, பூரணம் வைத்து மூடும்போதே கிழிந்தது. சம்பாவில் செய்ய ஆசைப்பட்டால் பூரணத்தை மறந்துவிட்டு, காயை மாவிலேயே கலந்து, கொஞ்சம் தடிமனாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

கலந்து பிசைகிற வகையில் என் வீட்டில் அதிகம் போவது வெந்தயக்கீரை. குஜராத்திகளின் தெப்லாதான். கோதுமை மாவு நாலு பங்கு, கடலை மாவு ஒரு பங்கு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எள், இரண்டு ஸ்பூன் எண்ணெய். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் காலையில் போனால் கீரை பனி ஈரத்தோடு இருக்கும், அதை நறுக்கி உப்போடு மாவில் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, அப்புறம்தான் தயிர் ஊற்ற வேண்டும். கீரை எவ்வளவு தண்ணீர் விடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முதலிலேயே தயிரைக் கொட்டிவிட்டால், பிறகு மாவு தளர்ந்துபோய், மேலும் மேலும் மாவு போட்டு, நாலு பேருக்குப் பிசைந்தது பத்து பேருக்கு ஆகிவிடும். தண்ணீருக்குப் பதில் தயிரும் எண்ணெயும் இருப்பதால் சீக்கிரம் கெடாது. ராத்திரி சுட்டு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினோம், மறுநாள் மதியம் வரைக்கும் மிருதுவாக இருந்தது, எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டோம்.

மற்ற காய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலிபிளவரைத் துருவி இதே கல்லில் எண்ணெயில்லாமல் வறட்டினால் ஈரம் போய்விடும், பிழிய வேண்டியதில்லை. சுரைக்காய்க்குப் பூரணம் சரிவராது. துருவியதை அப்படியே மாவில் போட்டுப் பிசைந்தால் தண்ணீரே ஊற்ற வேண்டாம். உருளைக்கிழங்கு எந்தக் கல்லிலும் வரும், அதற்காக இதை வாங்க வேண்டாம். பீட்ரூட்டை வேகவைத்து அரைத்துக் கலந்தால் மாவு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நிறம் சூட்டைத் தாங்காது, இந்தக் கல்லின் முழுச் சூட்டில் பழுப்பாகிவிடுகிறது. பீட்ரூட்டுக்கு மட்டும் மிதமான தீ. தக்காளி அரைத்துப் பிசைந்தது ஒட்டிக்கொண்டது, புளிப்பு கல்லின் படலத்தை அரித்துவிடுகிறது, இரண்டு நாள் மறுபடி எண்ணெய் தடவிக் காய்ச்ச வேண்டி வந்தது.

சுடும்போது கல்லை மிதமான தீயில் ஆறேழு நிமிடம் காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்து இரண்டு நொடியில் காணாமல் போனால் பதம். முத்து மாதிரி உருண்டு ஓடினால் அதிகமாகக் காய்ந்துவிட்டது, தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டு பக்கமும் முதலில் எண்ணெய் இல்லாமல் அரை அரை நிமிடம், பிறகு நெய்யோ எண்ணெயோ தடவித் திருப்பி, கரண்டியின் முதுகால் ஓரத்தை அழுத்தி அழுத்திச் சிவக்க விடுங்கள். எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் மாவு வேகாமல் மேலே மட்டும் பொரிந்துவிடும். ஏழாவது சப்பாத்தி போடும்போதே தீயை நன்றாகக் குறைத்துவிடலாம், எட்டாவதுக்கு அடுப்பையே அணைத்துவிடுகிறேன், இருக்கிற சூட்டிலேயே வெந்துவிடும். ஆரம்பத்தில் செலவாகும் கேஸில் கொஞ்சம் இப்படித் திரும்பி வருகிறது.

தில்லிக்குப் போயிருந்தபோது சாந்தினி சௌக் பராத்தா சந்திலும் சாப்பிட்டேன், ஹரியானாவில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் முர்தல் தாபாவிலும் சாப்பிட்டேன். இரண்டும் வேறு வேறு. சந்தில் வாணலியில் நெய் ஊற்றிப் பொரித்தே எடுக்கிறார்கள், பூரிக்கும் பராத்தாவுக்கும் நடுவில் ஒரு பண்டம். முர்தலில் தந்தூர் அடுப்பில் சுட்டு, மேலே ஒரு கட்டி வெண்ணெய் வைக்கிறார்கள், அந்தப் புகை வாசம் இந்தக் கல்லில் வராது, வரும் என்று நினைத்து வாங்காதீர்கள். இது வீட்டு ருசி, அக்கா வீட்டு மேசையில் சாப்பிட்டதற்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது. நம்மூர் மைதா புரோட்டாவோடு இதை ஒப்பிடவே வேண்டாம், அது அடுக்கு, இது பூரணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அந்த விளிம்பு எனக்குப் பிடிக்கவில்லை. தோசைத் திருப்பியைப் படுக்கவைத்து உள்ளே விட முடியாமல் சாய்த்துக் குத்த வேண்டியிருக்கிறது, மெல்லிய சப்பாத்தியின் ஓரம் சில சமயம் மடிந்துவிடுகிறது. விளிம்பே இல்லாத தட்டைக் கல் கிடைத்தால் அதையே எடுங்கள். காது இரண்டும் கொதிக்கும், பிடிதுணி இல்லாமல் தொடவே கூடாது, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஆறும்வரை அடுப்பிலேயே விட்டுவிடுங்கள், முக்கால் மணி நேரம் ஆகிறது. எடை பெரிய பிரச்சினை. என் அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, அவரால் இதைத் தூக்கிக் கழுவ முடியவில்லை. ஒரு நாள் ராத்திரி களைப்பில் ஈரத்தோடு சிங்க்கில் விட்டுவிட்டேன், காலையில் செம்பழுப்பாகத் துரு. கல் உப்பும் எண்ணெயும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்ததும் போய்விட்டது, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வேலை. இப்போது கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் மாட்டுகிறேன். இண்டக்ஷனிலும் வேலை செய்கிறது, ஆனால் எடுத்தவுடன் அதிக வாட்டில் வைக்காதீர்கள், நடு மட்டும் சட்டென்று காய்ந்து கல் விரிசல் விட வாய்ப்பு உண்டு. குறைவில் ஆரம்பித்துக் கூட்டுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், காய்கறி சப்பாத்திக்கு நாலரை கொடுப்பேன், விளிம்புக்காக அரை குறைத்தேன். தினசரி வெறும் சப்பாத்திக்கு மூன்று.

அம்மாவுக்காக இதே கல்லை 9 அங்குலத்தில், விளிம்பில்லாமல் கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த லோடு வரும்போது போன் செய்கிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வந்ததும் முதல் வேலையாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.